பிப்ரவரி 15-க்குப் பிறகு வழிகாட்டிகளுக்கு என்ன வேலை?

மாண்புமிகு தமிழ்நாடு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

குன்றத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் மலை என்றால் முருகன் கோயில் குன்றுதான். எண்பத்து நான்கு படி ஏறினால் உச்சி. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது அந்த உயரம் போதுவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போனால், முதுகுப்பையோடு பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் ஐ.டி. பிள்ளைகளைப் பார்க்கலாம். விடியுமுன் கொடை ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்துக் கொடைக்கானல் மலையேறி, வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி கிராமத்துக்கு நடக்கப் போகிறவர்கள் அவர்களில் உண்டு.

அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே வரப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. மனதாரப் பாராட்டுகிறேன். எங்களுக்கு எட்டும் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அதே கற்கால மனிதர்கள் ஒதுங்கிய குகைகளைப் பிள்ளைகள் நடந்துபோய்ப் பார்க்க முடிவது சாதாரண விஷயமல்ல.

நான் எழுத வந்தது வழிகாட்டிகளைப் பற்றி.

வட்டக்கானல் பாதை டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டியதும் செங்குத்தாக இறங்கும். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்துதான் கொடைக்கானலுக்குக் காலால் நடந்தும், குதிரையிலும், டோலியிலும் ஏறினார்கள். வெள்ளகெவி கொடைக்கானலுக்கும் முந்தைய ஊர். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நாங்கள் போனபோது எங்கள் வழிகாட்டி முன்னால் நடக்காமல், கடைசி ஆளுக்குப் பின்னால் வந்தார். ஒரு வளைவில் குனிந்து, புல்லுக்குள் கிடந்த பீடித்துண்டை எடுத்து நசுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு புல்லை ஒடித்துக் காட்டினார். "இப்ப வளையுது பாருங்க சார். தை கழிஞ்சா கரகரன்னு ஒடியும். அப்புறம் ஒரு பொறி போதும்."

தீ பிடிக்கும் மாதங்களில் பாதையை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "காபிப் பழம் பறிக்கிற வேலையும் அதுக்குள்ள முடிஞ்சிரும். கீழ இறங்கி, கிடைக்கிற வேலைக்குப் போவேன்" என்றார்.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடுவது சரியான முடிவு. அதில் ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்ததை நாங்கள் மறக்கவில்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்கள் அவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் அந்தச் சரிவில் முதலில் ஏறி, காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கிவந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. இன்றைய திட்டத்தின் ஒழுங்குக்கெல்லாம் அந்தச் சாவுகள்தான் காரணம்.

ஆனால் மூடும்போது என்ன நடக்கிறது? நடை நின்றால் நடைக்கூலியும் நின்றுவிடும். எந்த ஓடையில் இன்னும் தண்ணீர் இருக்கும், எந்தப் பக்கம் காற்று மாறி வீசும், புகை தெரிந்தால் எந்தச் சரிவில் ஏறக்கூடாது என்று அறிந்த மனிதர், தீ பிடிக்கும் மாதங்களில் பிழைப்புக்காக மலையைவிட்டு இறங்கிவிடுகிறார். அவரைப் பயிற்றுவித்தது அரசுதான். காட்டுக்கு அவர் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அவரை அனுப்பிவிடுவது தவறு.

கோடையில் உங்கள் துறை தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர்களை நியமிக்கிறது. தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் எடுக்கிறது. அந்த வேலையில் இந்த வழிகாட்டிகளுக்கு முதலிடம் கொடுங்கள். பாதை மூடும் நாளிலிருந்து திறக்கும் நாள்வரை மாதச் சம்பளம், முழங்கால்வரை வரும் பூட்ஸ், கையில் வாக்கி டாக்கி. அவரவர் நடத்திய பாதைக்கு அவரவரே காவல். புதிதாக எந்தத் துறையும் வேண்டாம், ஒரு அரசாணை போதும்.

அனுமதியில்லாமல் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்களையும் இவர்கள்தான் தடுக்க முடியும். மூடிய பாதைக்குக் குறுக்குவழி எது என்று சோதனைச்சாவடியைவிட ஊர்க்காரருக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு கோரிக்கை உண்டு. பாதை மூடிய செய்தி மலையடிவாரப் பலகையில் இருந்து என்ன பயன்? விடுமுறை எடுத்து, டிக்கெட் போட்டு, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து போனவர்கள் அங்கிருந்து திரும்ப மனம் வராமல் குறுக்குவழி தேடுவார்கள். தாம்பரம் ரயில் நிலையத்திலும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் ஜனவரியிலேயே தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். மூடும் தேதி, திறக்கும் தேதி, குரங்கணியில் நடந்தது, மூன்றும் இருக்கட்டும்.

அடுத்த பிப்ரவரி 15-க்கு முன் அந்த அரசாணையை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குன்றத்தூர்வாசி ஒருவர்