அப்பாவை யார் வெளுத்தது?

முன்குறிப்பு: கொஞ்சம் டெக்னிகல், கொஞ்சம் புலம்பல், நிறையக் கோபம். போட்டோஷாப் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு போட்டோ தொங்கிக்கொண்டு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

புனேக்கு வந்து 17 வருஷம் ஆச்சு. ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பா 2023-ல் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவர் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி மாட்டவேண்டும் என்று தோன்றியது. 2019 பொங்கலுக்கு நான் எடுத்த படம். திண்ணையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அப்பா நல்ல கறுப்பு. மாநிறம் என்றெல்லாம் மழுப்ப முடியாத கறுப்பு. கரிசல் காட்டு வெயிலில் 50 வருஷம் நின்ற கறுப்பு.

பக்கத்தில் இருக்கும் லேபில் கொடுத்தேன். 12க்கு 18 சைஸ், பிரேமோடு. மறுநாள் வாங்கப் போனால் கவுண்டரில் இருந்த தம்பிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "சார், அங்கிள் கோ தோடா கோரா கர் தியா" என்றார். அங்கிளைக் கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டாராம். அதற்குத் தனியாகக் காசு கிடையாதாம்.

துக்க வீட்டு மனநிலை. சண்டை போடத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு வந்து மாட்டினேன்.

ஆறு மாதம் கழித்து அம்மா வந்தாங்க. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் போட்டோ முன்னால் நின்னாங்க. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்கப்பா சாடை இருக்குடா" என்றாங்க. அவ்வளவுதான். சாடை! 46 வருஷம் கூட வாழ்ந்தவருக்குச் சாடையாம். அப்புறம் மெதுவாக, "அந்தத் தழும்பு எங்க? மாடு முட்டுன தழும்பு, அவுக புருவத்து மேல இருக்குமே?"

காணோம். திருநீற்றுப் பட்டை மூன்றும் ஒரே வெள்ளைத் திட்டாக ஆகியிருந்தது. வேட்டிக்கு மடிப்பே இல்லை. முகம் சிவப்பாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை. அடுப்புச் சாம்பல் நிறம்.

அன்று ராத்திரி ஒரிஜினல் பைலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். தழும்பு அதில் இருக்கிறது. அப்படியானால் அதைத் தொலைத்தது யார்?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கேமராவின் மீட்டருக்கு வேட்டியும் தெரியாது, அப்பாவும் தெரியாது. பார்ப்பதை எல்லாம் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டை பாதிப் படத்தை அடைத்துக்கொண்டால், "ஆகா, வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். வேட்டி தப்பிக்கும், முகம் இருட்டாகும். என் படத்திலும் அதேதான். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. அந்தக் கணக்கில் அப்பா முகம் சராசரியாக 55. கண்ணின் கருமணி 12. வேட்டி மடிப்பின் நிழல் 205, வெயில் பட்ட இடம் 238. இப்படியே அச்சுக்குக் கொடுத்தால் முகம் தாளில் இன்னும் இருண்டுபோகும். ஆக, திருத்தம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் சண்டை. அன்று மூன்று வழியையும் ஒரே படத்தில் செய்து பார்த்தேன்.

முதல் வழி, பிரைட்னஸ். எல்லோர் கையும் முதலில் போகும் இடம். பழைய போட்டோஷாப்பில் இது வெறும் கூட்டல் கணக்கு. 60 ஏற்றினால் எல்லாவற்றிலும் 60 கூடும். முகம் 55 என்பது 115 ஆகும், பலே. ஆனால் கருமணி 12 என்பது 72 ஆகும், அதாவது கண் சாம்பல் பூத்துப்போகும். வேட்டியோ 205-ம் 238-ம் சேர்ந்து 255-ல் முட்டி ஒரே வெள்ளைச் சுவர். மடிப்பு போச்சு, திருநீறு போச்சு. 2007-ல் வந்த சிஎஸ்3-ல் இந்தக் கணக்கை மாற்றி, இரண்டு முனையும் அடிபடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் 'யூஸ் லெகசி' என்று ஒரு டிக் போட்டால் அந்தப் பழைய பூதம் இன்றைக்கும் எழுந்து வரும்.

இரண்டாவது, லெவல்ஸ். நடுவில் இருக்கும் முக்கோணத்தை 1.4-க்கு நகர்த்தினேன். முகம் 85, கருமணி 29. எவ்வளவோ தேவலாம். ஆனால் வேட்டியின் 205–238 என்ற இடைவெளி 218–243 ஆகச் சுருங்கிவிட்டது. 33 படி இருந்த இடத்தில் 25 படி. மடிப்பு இருக்கிறது, ஆனால் இஸ்திரி போட்ட மாதிரி.

மூன்றாவது, கர்வ்ஸ். இதுதான் ராஜா. கோட்டில் நாலு இடத்தில் ஆணி அடித்தேன். கருமணி 12-ஐ 10-ல் நிறுத்து. முகம் 55-ஐ 82-க்குத் தூக்கு. 205-ஐ 205-லேயே விடு. 238-ஐ 240-ல் பிடி. அவ்வளவுதான். கண் கறுப்பாகவே இருக்கிறது, வேட்டி மடிப்பு அப்படியே இருக்கிறது, முகத்துக்குள் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து வருகிறது. புருவத்து மேலே தழும்பு, இதோ! நஷ்டம் யாருக்கு என்றால் பின்னால் இருந்த சுவருக்கு. அதன் கான்ட்ராஸ்ட் குறைந்து தட்டையானது. போகட்டுமே, நான் சுவரையா மாட்டப்போகிறேன்?

கான்ட்ராஸ்ட் என்பது மாதச் சம்பளம் மாதிரி. ஒரு இடத்தில் தாராளமாகச் செலவழித்தால் இன்னொரு இடத்தில் கையைக் கடிக்கும். கோடு ஓரிடத்தில் செங்குத்தானால் வேறோரிடத்தில் படுத்தே ஆகவேண்டும். யாருக்குச் செலவழிப்பது என்பதைப் படத்தில் இருப்பவர் யாரென்று தெரிந்தவர்தான் முடிவு செய்யவேண்டும். ஆட்டோ பட்டன் அல்ல.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

போட்டோ பாடம் நடத்தும் பக்கங்களில் எல்லாம் ஒரே மந்திரம்: "கர்வ்ஸில் எஸ் போடுங்கள், படம் பளிச்சென்று ஆகும்." அதாவது கீழ்ப்பாதியைக் கொஞ்சம் இறக்கு, மேல்பாதியைக் கொஞ்சம் ஏற்று. யாருக்குப் பளிச்சென்று ஆகும்? முகம் 170, 190 என்று மேல்பாதியில் இருப்பவர்களுக்கு. அப்பா முகம் இருப்பது எஸ்ஸின் கீழ்க்காலில். எஸ் போட்டேன், 55 என்பது 40 ஆச்சு. இருந்த மேடு பள்ளமும் சேர்ந்து அமுங்கிப்போச்சு. அதாவது அந்த மந்திரம் எழுதப்பட்டபோதே, முகம் என்றால் எங்கே இருக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த இடத்தில் என் அப்பா இல்லை. நீங்களும் இருக்க வாய்ப்பில்லை.

இது என் கற்பனை இல்லை. பிலிம் காலத்தில் லேப்களில் கலர் சரிபார்க்க கோடாக் ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டை அனுப்பும். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி, மற்றவர்கள் எல்லாம் அவரவர் தலைவிதி. பல தோல் நிறங்களோடு பெண்களை வைத்து அட்டை வந்தது 1990-களில்தான். கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் என்ற பேராசிரியர் இதைத் தோண்டி எடுத்து 2009-ல் விரிவாக எழுதினார். அதில் ஒரு தகவல் படித்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பழுப்பு நிறம் பிலிமில் ஒழுங்காகப் பதிவதில்லை என்று கம்பெனியின் காதில் ஏறும்படி சொன்னவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் உண்டாம். மனுஷன் முகத்தைவிட மேஜைக்கு மவுசு!

இப்போது நிலைமை மாறித்தான் வருகிறது. 2021-ல் பிக்சல் 6 போனோடு கூகுள் 'ரியல் டோன்' என்று கொண்டுவந்தது, கறுத்த முகங்களையும் உள்ளபடி காட்டுவதற்காக. நல்ல விஷயம். ஆனால் போன் உள்ளபடி எடுத்துக் கொடுத்ததை லேபில் மறுபடி வெளுத்தால் என்ன பிரயோஜனம்?

அந்த லேப் தம்பி மேல் மட்டும் பழியைப் போட முடியுமா என்றால், முடியாது. திரும்பப் போய்க் கேட்டேன். பாவம், அவர் திரையைத் திருப்பியே காட்டினார். முதலில் ஆட்டோ, அப்புறம் பிரைட்னஸ், அப்புறம் முகத்தை மழமழப்பாக்கும் பிரஷ். ஒரு படத்துக்கு அரை நிமிஷம். "கஸ்டமர் கேட்கிறாங்க சார், செய்யலேன்னா சண்டைக்கு வர்றாங்க" என்றார்.

யார் அந்தக் கஸ்டமர்? நாம்தான் சாமி. "தம்பி, கொஞ்சம் கலர் ஏத்திப் போடுங்க" என்று ஸ்டுடியோவில் சொல்லாத குடும்பம் எது? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கொடுக்கிற போட்டோவில் ஆரம்பித்து, செத்தவருக்கு மாலை போடுகிற போட்டோவரைக்கும் வெளுக்கிறோம். ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-ல் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. நாம் மாற்றிக்கொண்டோமா?

"அழகா இருந்தா என்னங்க தப்பு?" என்று ஒருத்தர் கேட்பார். வெளுப்புதான் அழகு என்று முடிவு செய்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது. "நீயும்தானே கர்வ்ஸில் முகத்தை ஏத்தினே, அது மட்டும் யோக்கியமா?" என்று இன்னொருத்தர் கேட்பார். நியாயமான கேள்வி. நான் ஏற்றியது, கேமரா குறைத்ததையும் தாள் விழுங்கப்போவதையும் ஈடுகட்ட. என் அளவுகோல், திண்ணையில் நான் நேரில் பார்த்த அப்பா. லேபின் அளவுகோல் யாரோ ஒரு ஷெர்லி. இரண்டும் ஒன்றா?

புலம்பியது போதும். லேபுக்குக் கொடுக்கும் முன்னால் இதையெல்லாம் செய்யுங்கள்:

திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். திரை தானே ஒளி விடுகிறது, தாள் விழுகிற ஒளியைத் திருப்பித்தான் தரும். திரையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் காட்டலாம். நல்ல பளபளப்புத் தாளில் நூறு, இருநூறு மடங்குதான், மேட் தாளில் அதுவும் இல்லை. முழு வெளிச்சத் திரையில் பார்த்து "சரியாக இருக்கு" என்று அனுப்பினால் கறுத்த முகம்தான் முதலில் மூழ்கும்.

கர்வ்ஸ் பழகுங்கள். போட்டோஷாப் வாங்க வேண்டாம், ஜிம்ப் இலவசம், அதிலும் இருக்கிறது. முகத்தின் மேல் கர்சரை வைத்து எண்ணைப் பாருங்கள், அந்த இடத்தை மட்டும் தூக்குங்கள், இரண்டு முனையையும் ஆணி அடித்து நிறுத்துங்கள். தூக்கும்போது முகம் செங்கல் நிறத்துக்குப் போனால், அந்த லேயரை 'லுமினாசிட்டி'க்கு மாற்றினால் நிறம் பழையபடி வந்துவிடும்.

பெரிய சைஸுக்கு முன்னால் அதே தாளில் 4க்கு 6 ஒன்று போடச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக, லேபில் வாய் திறந்து சொல்லுங்கள்: "நோ கரெக்‌ஷன்." ஆர்டர் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். "கோரா மத் கர்னா" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் சொன்னேன். அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை.

புதுப் படம் வந்து மாட்டியாச்சு. அம்மா ஸ்டூலில் ஏறி, விரலால் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லவில்லை. என் மகளுக்கு ஏழு வயசு. புனேயில் பிறந்தவள், தாத்தாவை லீவில் நாலைந்து தடவை பார்த்ததோடு சரி. நிறத்தில் அப்படியே தாத்தா. ஸ்கூலில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை. பழைய படம் இருந்த ஆறு மாதமும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், புதுப் படத்துக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டி வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, தாத்தா நம்ம கலர்" என்றாள்.

ஆமாம்டி தங்கம்.

பின்குறிப்பு: வெளுத்த படத்தைத் தூக்கிப் போடவில்லை. பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த தடவை யாராவது "கொஞ்சம் கலர் ஏத்திப் போடுங்க" என்று சொன்னால் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.