சாயத்தைக் கழுவிய பின்பே தையல்

காணியும் கலப்பையும் கைவிட்டுப்போன நிலையில், இடம்பெயர்ந்த பெண்கள் பலருக்குத் தையலே கைகொடுக்கிறது. துண்டுத்துணிப் போர்வையும் அத்தகைய தொழில்களில் ஒன்று. வாரக்கணக்கில் கையால் தைத்த போர்வையின் சிவப்புச் சாயம் முதல் தோய்ப்பிலேயே கழன்று வெள்ளைத் துண்டுகளில் படிந்தால், உழைப்பும் போகும்; வாங்கியவரின் நம்பிக்கையும் போகும்.

வங்காளப் பெண்கள் 'காந்தா' போர்வையைப் பழைய சேலைகளை அடுக்கித் தைத்து வந்தனர். பலமுறை தோய்த்த சேலையில் கழலக்கூடிய சாயம் பெரும்பாலும் போயிருக்கும். புதிய வெட்டுத்துண்டுகள் அப்படியல்ல. நூலோடு பிணையாத சாயம் அவற்றில் தங்கியிருக்கலாம். சிவப்பு, கடுநீலம், கறுப்பு ஆகியவற்றில் கூடிய கவனம் வேண்டும்.

உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்பர். பருத்தித் துணியில் மிஞ்சி நிற்கும் சாயத்தை அவை நிலைநிறுத்துவதில்லை. அதை வெளியேற்றுவதே வழி. வெட்டுமுன் ஒவ்வொரு நிறத்தையும் புறம்பாகச் சுடுநீரில் சலவைத்தூள் இட்டுத் தோய்த்து, நீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பின்னர் ஈரத்துண்டை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் மீண்டும் தோயுங்கள். அப்போதும் ஒட்டினால் அத்துண்டைப் போர்வையில் சேர்க்க வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்னீர். அதில் கட்டிச் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. ஆகவே தூளே நல்லது.

தைத்த போர்வையில் சாயம் பரவிவிட்டால் அதை உலரவிடாதீர்கள். சூடான அயனும் வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் தாராளமான சுடுநீரும் சலவைத்தூளும் இட்டு, போர்வை முழுவதும் அமிழும்படி ஓர் இரவு ஊறவிடுங்கள். நீர் நிறம் மாறினால் புதுநீரில் மீண்டும் ஊறவைத்து அலசுங்கள். பல போர்வைகளை இவ்வாறு மீட்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் நீரும் விறகும் தூளும் ஒரு நாள் உழைப்பும் வேண்டும். பவுசர் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அது சிறு செலவல்ல. தையல் இயந்திரமும் துணியும் தந்து பயிற்சி நடத்துவோர் இச்செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே எமது கருத்து. துணியைத் தோய்ப்பதும் தொழிலின் ஒரு பகுதியே. போர்வைக்கு விலை குறிக்கும்போது அந்த நாளின் கூலியையும் சேர்த்தே குறியுங்கள். சாயம் போகாத போர்வைக்கு அந்த விலையைத் தயங்காமல் கேட்கலாம்.