20 வருஷம், ஒரு நாள்கூட லீவு இல்லை... அப்புறம் ஏன் நிறுத்தினார்?

2020 ஜூலை 24. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஹோவர்ட் டெய்லரின் இணையதளத்தில் அன்று ஒரு காமிக்ஸ் பக்கம் வெளியானது. 'ஷ்லாக் மெர்சினரி' என்ற அவரது தொடரின் கடைசிப் பக்கம் அது. முதல் பக்கம் வந்தது 2000 ஜூன் 12 அன்று. இடையில் ஓடியவை 7,300-க்கும் அதிகமான நாள்கள். ஞாயிறு, புத்தாண்டு, கிறிஸ்துமஸ், ஜலதோஷம், காய்ச்சல் எதற்கும் விடுமுறை கிடையாது. தினமும் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

வாரத்துக்கு ஒரு பத்தி எழுதும் எனக்கே, கொடுக்க வேண்டிய நாள் நெருங்கினால் வயிற்றைக் கலக்கும். இந்த மனிதர் 20 வருடம் தினம் ஒன்று கொடுத்திருக்கிறார். சரி, இவ்வளவு தூரம் ஓடியவர் ஏன் நின்றார்? கை ஓய்ந்துவிட்டதா, வாசகர்கள் போய்விட்டார்களா? இரண்டுமே இல்லை. கதை முடிந்துவிட்டது. அதனால் முடித்தார், அவ்வளவுதான். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால், இணையத்தில் காமிக்ஸ் வரைபவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் வேறில்லை.

வெப்காமிக் பற்றித் தெரியாத வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு வரி. பத்திரிகை, பதிப்பகம் எதுவும் இல்லாமல், ஒருவரோ இருவரோ வரைந்து நேரடியாக இணையத்தில் வெளியிடும் காமிக்ஸ்தான் வெப்காமிக். படிப்பது பெரும்பாலும் இலவசம். எப்போது வரும் என்பதை வரைபவரே சொல்வார். தப்பாக இருந்தால் திருத்த ஆசிரியர் இல்லை. அதேபோல, "போதும்ப்பா, முடிச்சுடு" என்று சொல்லவும் ஆளில்லை. சிக்கலே அந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

மாவு தீரக் கூடாது

'ஷ்லாக் மெர்சினரி' எதிர்காலத்தில் நடக்கும் விண்வெளிக் கதை. காசுக்குச் சண்டை போடும் ஒரு கூலிப்படை. அதில் சார்ஜென்ட் ஷ்லாக் என்று ஒரு வேற்றுக்கிரகவாசி. கை கால் என்று நிலையான உருவமே இல்லாத, பிசைந்து வைத்த மாவு உருண்டை மாதிரி ஓர் ஆள். தொடரைத் தொடங்கியபோது டெய்லர் நோவெல் என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பப் பக்கங்களைப் பார்த்தால் ஓவியம் சுமார்தான், கோடுகள் தடுமாறும். அதே பக்கங்கள் இன்றும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. நாலைந்து வருடப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால், ஒரு மனிதர் தினமும் வரைந்து வரைந்தே ஓவியம் கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்குக் கதையைவிட இது பிடித்திருந்தது.

2004-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் காமிக்ஸில் இறங்கினார். வீட்டில் குழந்தைகள். மாதச் சம்பளம் இல்லை. புத்தகம் அச்சடிப்பது, விற்பது, பார்சல் கட்டுவது, கணக்குப் பார்ப்பது எல்லாவற்றையும் மனைவி சாண்ட்ரா டெய்லர் எடுத்துக்கொண்டார். நீண்ட நாள் ஓடிய வெப்காமிக் பலவற்றுக்குப் பின்னால் இப்படி இன்னோர் ஆள் இருப்பார். வரைபவர் பெயரை மட்டும் சொல்லிப் பாராட்டுவது எனக்கு எப்போதும் அரைகுறையாகவே படுகிறது.

இவர்கள் சொல்லும் தொழில் ரகசியம் 'பஃபர்'. அதாவது முன்கூட்டியே வரைந்து வைக்கும் இருப்பு. இன்று வெளியாகும் பக்கத்தை இன்று வரைந்தால் கதை கந்தல். சில வாரங்களுக்கான பக்கங்கள் எப்போதும் கையில் இருக்க வேண்டும். மாவரைத்து ஃப்ரிட்ஜில் வைப்பது மாதிரிதான். நாளைக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் காலையில் இட்லி உண்டு. ஆனால், இருக்கும் மாவை எடுத்துக்கொண்டே இருந்து, திரும்ப அரைக்காமல் விட்டால் ஒருநாள் பாத்திரம் காலி. அதன்பின் தினம் தினம் ராத்திரி கண்விழிப்பு. பல நல்ல தொடர்கள் 'தற்காலிக இடைவேளை' என்ற ஒற்றை அறிவிப்போடு உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. கனடாவின் ரயன் நார்த் 2003-ல் 'டைனோசர் காமிக்ஸ்' தொடங்கினார். ஆறு கட்டங்கள், சில டைனோசர்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றிலிருந்து அதே ஆறு படங்கள்தான். வசனம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். சோம்பேறித்தனம் என்று முதலில் நினைத்தேன். நூறு பக்கம் படித்த பிறகு, மாறாத படத்துக்கு விதவிதமாகப் பேச்சு எழுதுவதுதான் கஷ்டம் என்று புரிந்தது. கை வலிக்காது என்பது கூடுதல் லாபம்.

உடம்பு என்று ஒன்று இருக்கிறதே

கை வலியைச் சும்மா சொல்லவில்லை. தென்கொரியாவில் வெப்காமிக் ஒரு பெரிய தொழில். அங்கே அதற்குப் பெயர் வெப்டூன். மொபைலில் விரலால் மேலே தள்ளித் தள்ளிப் படிக்கும்படி நீளவாக்கில் வரைவார்கள். வாரம் ஓர் அத்தியாயம், முழுக்க வண்ணம். ஓர் அத்தியாயத்தில் 60, 70 படங்கள் சாதாரணம். நாம் பஸ்ஸில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் படித்து முடிப்பது, ஒருவரின் அல்லது ஒரு சிறு குழுவின் முழு வார உழைப்பு.

'டவர் ஆஃப் காட்' என்ற பிரபலத் தொடரை 2010-ல் இருந்து வரைந்துவந்த ஸியூ, 2020-ல் உடல்நலம் காரணமாக நிறுத்தினார். மீண்டும் வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. உலகம் முழுக்க ஓடிய 'சோலோ லெவலிங்' வெப்டூனின் ஓவியர் ஜாங் சங்-ராக், தொடர் முடிந்த சில மாதங்களில், 2022 ஜூலையில் மூளை ரத்தக்கசிவால் காலமானார். வயது 37. அவருக்கு ஏற்கெனவே உடல்நலப் பிரச்னை இருந்ததாகச் சொல்லப்பட்டது. வேலைதான் காரணம் என்று யாரும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால், அந்தச் செய்திக்குப் பிறகு வெப்டூன் ஓவியர்கள் வாரத்துக்கு எவ்வளவு வரைய வேண்டியிருக்கிறது என்ற பேச்சு கொரியாவில் பலமாகக் கிளம்பியது.

இத்தனைக்கும் நடுவில் சோ சோக் என்ற ஓவியர், 'தி சவுண்ட் ஆஃப் யுவர் ஹார்ட்' என்ற நகைச்சுவைத் தொடரை 2006-ல் தொடங்கி 2020 வரை, 1,200-க்கும் அதிகமான அத்தியாயங்கள் கொடுத்தார். தன்னையும், அப்பா அம்மா அண்ணனையும், பிறகு மனைவியையுமே பாத்திரங்களாக வைத்து ஓட்டினார். கே-டிராமா பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 2016-ல் லீ குவாங்-சூ நடித்து இது டிராமாவாக வந்தது. டெய்லரும் சோ சோக்கும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்களா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால், இரண்டு பேரும் ஒரே 2020-ல் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

முடித்தால் சம்பளம் நின்றுவிடும்

உடம்பு நிறுத்தச் சொன்னாலும் பணம் நிறுத்த விடாது. இலவசமாகப் படிக்கக் கொடுக்கும் காமிக்ஸுக்குக் காசு எங்கிருந்து வரும்? முதல் பத்து வருடங்களில் இணைய விளம்பரம், டி-ஷர்ட், புத்தகம். டெய்லரின் குடும்பம் பெரிதும் புத்தகங்களை நம்பியது. 2013-ல் பேட்ரியான் என்ற தளம் வந்தது. பிடித்த ஓவியருக்கு வாசகர் மாதாமாதம் சிறு தொகை அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான், அதனால் பல பேருக்கு அடுப்பு எரிகிறது. ஆனால், அதில் ஒரு கொக்கி இருக்கிறது. புத்தகம் விற்க வேண்டுமென்றால் ஒரு பாகத்தையாவது முடிக்க வேண்டும். மாதச் சந்தா வர வேண்டுமென்றால் முடிக்கவே கூடாது. கதையை முடிக்கும் மாதத்தோடு வருமானமும் முடிகிறது.

டி.ஆர்.பி இருக்கும்வரை இழுக்கப்படும் மெகா சீரியல் நமக்குப் புதிதல்ல. செத்துப்போன மாமியார் வேறு முகத்தோடு திரும்பி வருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! முடியாத கதை என்றால் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் ஊர் நம்முடையது. ஆனால், தினத்தந்தியின் கன்னித்தீவுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருக்கிறது. ஒருவர் கை மாறினாலும் சிந்துபாத் நடப்பார். வெப்காமிக்கில் அந்த வசதி கிடையாது. வரைபவர் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

அச்சுக் காலத்தில் இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சன், பத்தே வருடத்தில், புகழின் உச்சியில், 1995 டிசம்பர் 31-ல் முடித்துக்கொண்டார். 'பீனட்ஸ்' வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950-ல் தொடங்கி ஏறக்குறைய 50 வருடம் தானே வரைந்தார். அவரது கடைசி ஞாயிறு பக்கம் 2000 பிப்ரவரி 13 அன்று பத்திரிகைகளில் வந்தது. அதற்கு முந்தைய இரவுதான் அவர் இறந்துபோனார். இரண்டில் எது சரி என்று எங்கள் டெஸ்க்கில் கேட்டுப் பாருங்கள், மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

நான் வாட்டர்சன் கட்சி. ஆனால், வாட்டர்சனிடம் முடிக்க வேண்டிய ஒரு பெரிய கதை இல்லை. தினம் ஒரு சிரிப்பு, தினம் ஒரு யோசனை. எந்த நாளில் நிறுத்தினாலும் அழகாக இருக்கும். பத்து வருடமாக முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டு போனவர் அப்படி நினைத்த நாளில் எழுந்து போக முடியாது.

'ஹோம்ஸ்டக்' கதை அதுதான். ஆண்ட்ரூ ஹஸ்ஸி 2009 ஏப்ரல் 13-ல் தொடங்கினார். படம், எழுத்து, அனிமேஷன், விளையாட்டு எல்லாம் கலந்து 8,000-க்கும் அதிகமான பக்கங்கள். வெறித்தனமான ரசிகர் கூட்டம். ஆரம்பத்தில் ஒரே நாளில் பல பக்கங்கள்கூட வரும். பின்பாதியில் இடைவேளை மேல் இடைவேளை. சரியாக ஏழு வருடம் கழித்து, 2016 ஏப்ரல் 13-ல் ஓர் அனிமேஷனோடு முடிந்தது. பார்க்க அழகான அனிமேஷன்தான். ஆனால், அவிழாத முடிச்சுகள் ஏகப்பட்டவை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஏழு வருடம் காத்திருந்தவனுக்குக் கோபம் வராதா?

இதற்கு நேர் எதிர், ஷேனன் கேரிட்டியின் 'நார்பானிக்'. கொஞ்சம் கிறுக்கான ஒரு பெண் விஞ்ஞானியின் கதை. 2000 ஜூலை 31-ல் தொடங்கும்போதே கதை எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். 2006 டிசம்பர் 31-ல் முடித்தார். அதற்குப் பிறகு செய்ததுதான் ரசமானது. அதே தொடரை முதலிலிருந்து மறுபடி தினம் ஒன்றாக வெளியிட்டு, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதினார். விட்டுப்போன துப்புகளை வாசகர்கள் இரண்டாம் சுற்றில் பிடித்தார்கள்.

டெய்லர் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறார். தொடங்கும்போது அவரிடம் பெரிய திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. அன்றன்றைக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். போகப்போகக் கதை வளர்ந்து, பிரபஞ்சத்தையே உலுக்கும் அளவுக்குப் பெரிதானது. பிறகுதான் அதைப் புத்தகம் புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு முடிவு வைத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். 20-வது புத்தகத்தோடு பெரிய கதை முடியும் என்பது வாசகர்களுக்கு முன்பே தெரியும். திடீர் என்று கதவைச் சாத்தவில்லை. வருடக்கணக்கில் கதவை மெதுவாக மூடினார். தினமும் படித்துவந்த ஒருவருக்கு, இன்னும் எத்தனை காலைகள் இந்தப் பக்கம் வரும் என்று எண்ணிப் பார்க்க அவகாசம் கிடைத்தது.

சரி, முடித்துவிட்டால் அடுத்து என்ன? நியூயார்க்கின் புரூக்ளினில் வாழும் இளைஞர்களைப் பற்றி 'ஆக்டோபஸ் பை' என்ற தொடரை மெரிடித் கிரான் 2007-ல் தொடங்கி 2017-ல் முடித்தார். அவரது பாத்திரங்களும் அவரோடு சேர்ந்து வயதானார்கள். வாடகை வீடு, வேலை, காதல், பிரிவு எல்லாம் கடந்து முப்பதை நெருங்கினார்கள். முடித்துவிட்டு அவர் காமிக்ஸ் பக்கம் உடனே திரும்பவில்லை. கணினி விளையாட்டு செய்யப் போனார். 2022-ல் 'பெர்ஃபெக்ட் டைட்ஸ்' வெளிவந்தது. 2000-ஆம் வருடம், ஒரு சிறு தீவில் வசிக்கும் மாரா என்ற டீன்ஏஜ் பெண்ணின் கதை. வெளியே கடல், உள்ளே கம்ப்யூட்டர், இணையத்தில் முகம் தெரியாத நண்பர்கள். விளையாட்டைத் தொடங்குமுன் 'ஆக்டோபஸ் பை'யை முதலிலிருந்து படித்துவிடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதாது. திங்கள்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லிவிடுவது நல்லது.