வெயின் கவுண்டி (மிச்சிகன்): வாழ்க்கை நிலை, வீட்டுச் சந்தை, பொருளாதாரம்

வெயின் கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், மிச்சிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் அமைந்துள்ள நகர்ப்புற நிர்வாக மாவட்டம் ஆகும். கவுண்டி என்பது மாநிலத்திற்கும் நகராட்சிகளுக்கும் இடைப்பட்ட ஆட்சி அலகு. இதன் தலைநகரான டிட்ராயிட், வாகனத் தொழிலால் உலகப் புகழ் பெற்றது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கவுண்டியின் மக்கள்தொகை 17,93,561; மிச்சிகனில் மிகுந்த மக்கள்தொகை கொண்ட கவுண்டி இதுவே. மலிவான வீடுகளுக்கு இப்பகுதி நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. எனினும், வீட்டை வாங்குவதை விட, வாங்கிய வீட்டைத் தக்கவைத்துக் கொள்வதே இங்கு பலருக்குக் கடினமாக இருந்துள்ளது.

மக்கள்தொகையும் ஆட்சி அமைப்பும்

1960, 1970 ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் கவுண்டியின் மக்கள்தொகை 26 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்தது. டிட்ராயிட் நகரில் மட்டும் 1950 இல் 18,49,568 பேர் வாழ்ந்தனர். 2020 இல் அது 6,39,111 ஆகக் குறைந்தது. தொழிற்சாலைகள் நகரை விட்டு வெளியேறியமை, வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தமை, கடன் வழங்குவதில் நிலவிய இனப் பாகுபாடு ஆகியன இதற்கு முதன்மைக் காரணங்கள்.

கவுண்டிக்குள் 43 நகரங்களும் ஊராட்சிகளும் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கெனச் சொத்து வரி விதிக்கின்றது. இதனால் செல்வந்தர் வாழும் குரோஸ் பாயின்ட் பகுதியும், வறுமை மிகுந்த டிட்ராயிட்டின் கிழக்குப் பகுதியும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருந்தும் பொதுச் சேவைகளின் தரத்தில் வெகுவாக வேறுபடுகின்றன. மக்கள் குறைந்த நகரில் சாலை, குடிநீர்க் குழாய், காவல்துறை ஆகியவற்றின் செலவு அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே எஞ்சியிருப்போர் மீது வரிச்சுமை கூடுகின்றது.

வீட்டுச் சந்தை

2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை ஒட்டி டிட்ராயிட்டில் வீட்டு விலைகள் சரிந்தன. பல வீடுகள் 10,000 டாலருக்கும் குறைவாக விற்பனையாயின. ஆனால் வரிக்கான சொத்து மதிப்பீடுகள் அதே வேகத்தில் குறைக்கப்படவில்லை. மிச்சிகன் அரசியலமைப்பின்படி வரிக்கான மதிப்பீடு சந்தை விலையில் பாதியை மீறக் கூடாது. இவ்வரம்பு பரவலாக மீறப்பட்டது. 2010 முதல் 2016 வரை நகர மக்களிடம் ஏறக்குறைய 60 கோடி டாலர் மிகையாக வரி விதிக்கப்பட்டதாக டிட்ராயிட் நியூஸ் நாளிதழ் 2020 இல் கணக்கிட்டது. நகர் முழுவதற்குமான மறுமதிப்பீடு 2017 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வீட்டின் சந்தை விலை 20,000 டாலர் எனில், மதிப்பீடு 10,000 டாலரைத் தாண்டக் கூடாது. ஆயிரம் டாலருக்கு 70 டாலர் வரி எனக் கொண்டால் ஆண்டு வரி 700 டாலர். அதே வீட்டைப் பழைய விலையைக் கொண்டு 25,000 டாலர் என மதிப்பிட்டால் வரி 1,750 டாலர் ஆகிறது. மூன்றாண்டு நிலுவை 5,250 டாலர், அதாவது வீட்டின் விலையில் கால் பங்குக்கும் மேல். இதனுடன் வட்டியும் சேரும்.

மிச்சிகனின் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூன்றாண்டுகள் வரி நிலுவையில் இருந்தால் கவுண்டிப் பொருளாளர் சொத்தைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விடலாம். முதல் ஏலத்தில் விற்காதவை இரண்டாம் ஏலத்தில் 500 டாலர் தொடக்க விலைக்கு வந்தன. நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி விதிக்கப்பட்டது. கவுண்டி நகராட்சிகளுக்கு நிலுவைத் தொகையை முன்கூட்டியே செலுத்திவிட்டுப் பின்னர் வட்டியுடன் வசூலிக்கும். இதில் மிஞ்சிய பணம் கவுண்டியின் பொது வரவு செலவுக்குப் பயன்பட்டது. குடிமக்களின் வரி நிலுவை கவுண்டிக்கு ஒரு வருவாய் வழியாகவும் அமைந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 2011 முதல் 2015 வரை டிட்ராயிட்டில் நான்கில் ஒரு சொத்து இவ்வாறு பறிமுதல் செய்யப்பட்டது.

ஏழை உரிமையாளர்களுக்கு வரிவிலக்கு அளிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆயினும் விண்ணப்ப முறை சிக்கலாக இருந்ததால் தகுதியுடைய பலர் பயன்பெறவில்லை. 2018 இல் ஒரு வழக்கின் சமரசத்தை அடுத்து இம்முறை எளிமையாக்கப்பட்டது. 2020 இல், அண்டையிலுள்ள ஓக்லாந்து கவுண்டி தொடர்பான வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு ஒன்றை வழங்கியது. 8.41 டாலர் வரி நிலுவையில் தொடங்கிய அவ்வழக்கில், வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டு முழுத் தொகையும் கவுண்டியிடமே இருந்தது. நிலுவை போக மிஞ்சும் பணம் உரிமையாளருக்கே சேரும் என நீதிமன்றம் கூறியது.

வீட்டின் விலை மிகக் குறைவாக இருப்பதும் ஒரு தடையே. சிறிய கடனுக்கும் பெரிய கடனுக்கும் ஆவணச் செலவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் வங்கிகள் சிறு அடமானக் கடன்களை விரும்புவதில்லை. எனவே பலர் விற்பவரிடமே தவணை முறையில் வீடு வாங்குகின்றனர். இம்முறையில் கடைசித் தவணை வரை உரிமைப் பத்திரம் விற்பவரிடமே இருக்கும்.

வாழ்க்கை நிலை

டிட்ராயிட் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டிற்குக் கீழ் வாழ்கின்றனர். பொதுப் போக்குவரத்து போதாமையால் வேலைக்குச் செல்ல மகிழுந்து இன்றியமையாததாகிறது. வாகனக் காப்புறுதிக் கட்டணமோ நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 2019 இல் இதற்கான சட்டம் திருத்தப்பட்டது. பேருந்துச் சேவையை விரிவாக்கும் வரித் திட்டம் 2016 வாக்கெடுப்பில் சிறு வேறுபாட்டில் தோற்றது. 2014 இல் கட்டணம் செலுத்தாத ஆயிரக்கணக்கான வீடுகளின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்பட்டதை ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர்கள் கண்டித்தனர்.

பொருளாதார எதிர்நோக்கு

2013 சூலையில் டிட்ராயிட் நகராட்சி, ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனுடன் நொடிப்புநிலை கோரி மனுச் செய்தது. அமெரிக்க நகராட்சி வரலாற்றில் இதுவே மிகப் பெரியது. 2014 டிசம்பரில் நகரம் அதிலிருந்து மீண்டது; ஓய்வூதியர்கள் பலரின் ஓய்வூதியம் குறைக்கப்பட்டது. கவுண்டியும் 2015-2016 காலத்தில் மாநில அரசின் நிதிக் கண்காணிப்பில் இருந்தது. 2024 இல் டிட்ராயிட் மீண்டும் முதலீட்டுத் தர மதிப்பைப் பெற்றது. அதே ஆண்டு, ஃபோர்டு நிறுவனம் புதுப்பித்த மிச்சிகன் மத்தியத் தொடருந்து நிலையம் திறக்கப்பட்டது. 2024 சூலைக்கான மதிப்பீட்டில் நகரின் மக்கள்தொகை 6,45,705 ஆக உயர்ந்தது.

எனினும் வாகனத் தொழிலைச் சார்ந்திருக்கும் நிலை மாறவில்லை. மின்வாகனங்களுக்கான நடுவண் அரசின் வரிச்சலுகை 2025 செப்டம்பருடன் முடிவுற்றது. அதனை அடுத்து, டிட்ராயிட்-ஹாம்ட்ராம்க் எல்லையிலுள்ள செனரல் மோட்டார்சு மின்வாகன ஆலையில் பணிநீக்கம் அறிவிக்கப்பட்டது.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றின்படி, 2014 முதல் 2022 வரை டிட்ராயிட்டின் கறுப்பின உரிமையாளர்களது வீட்டுச் சொத்து மதிப்பு ஏறக்குறைய 280 கோடி டாலர் உயர்ந்தது. இவ்வுயர்வு வீட்டைத் தக்கவைத்துக் கொண்டோருக்கே கிட்டியது. அதற்கு முன்னரே ஏலத்தில் வீட்டை இழந்த குடும்பங்களுக்கு இதில் பங்கில்லை. விலை உயர்வு புதிய மதிப்பீடுகளிலும் வாடகையிலும் எதிரொலிக்கும்போது, மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்கும், வரிவிலக்கு உரியவரை எவ்வளவு எளிதில் சென்றடையும் என்பவையே எஞ்சியோரின் நிலையைத் தீர்மானிக்கும்.