மாட்டெலும்பும் நானோவும்

எங்கள் துறையில் இந்த வருடமும் முக்கால்வாசிப் பேரின் ப்ராஜெக்ட் தலைப்பில் 'நானோ' இருக்கிறது. ஏதாவது ஒரு இலையை அரைத்து, சாற்றை வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்ற வேண்டியது. பழுப்பாக மாறினால் ப்ராஜெக்ட் முடிந்தது. (என்னுடையது வேப்பிலை. அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) இது எதற்கு என்று வைவாவில் கேட்டால்தான் தொண்டை வறண்டு போகிறது.

அந்த எரிச்சலில்தான் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) உள்ள ராபர்ட் லேங்கரின் ஆய்வகம் எப்படி வளர்ந்தது என்று தேடிப் படித்தேன். பாலிமர், நானோ மருந்து என்றாலே எல்லோரும் சொல்லும் பெயர் அது. ஆனால் அந்தக் கதை ஆரம்பிப்பது மாட்டெலும்பில்!

1974-ல் வேதிப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய லேங்கர், எண்ணெய்க் கம்பெனி வேலைகளை விட்டுவிட்டு, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மேன் என்ற அறுவை மருத்துவரிடம் சேர்ந்தார். புற்றுக்கட்டி வளர ரத்தக் குழாய்கள் தேவை, அவற்றைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது ஃபோக்மேனின் எண்ணம். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அப்படியென்றால் அதற்குள் ஏதோ ஒரு தடுப்புப் பொருள் இருக்க வேண்டுமே? மாட்டெலும்புகளை வாங்கி வந்து, குருத்தெலும்பைச் சுரண்டி, அதிலிருந்து அந்தப் பொருளைப் பிரிப்பதுதான் லேங்கரின் வேலை. அக்மார்க் உயிர்வேதியியல்.

பிரித்தெடுத்தது வேலை செய்கிறதா என்று முயலின் கண்ணில் சோதிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை புரதம் கெடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். பாலிமருக்குள்ளிருந்து சின்ன மூலக்கூறுதான் கசியும், புரதம் அளவுக்குப் பெரியது நகரவே நகராது என்பது அன்றைய நம்பிக்கை. இருநூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள் தோற்ற பிறகு ஒரு வழி கிடைத்தது. கரைத்த பாலிமரில் புரதப் பொடியைக் கலந்து உறைய வைத்தால், உள்ளே வளைந்து நெளிந்த சந்துகள் உண்டாகின்றன. புரதம் அந்தச் சந்துபொந்துகளில் வழி தேடி வெளியே வர நாளாகும்! 1976-ல் தடுப்புப் பொருள் 'சயின்ஸ்' இதழிலும், பாலிமர் 'நேச்சர்' இதழிலும் வெளிவந்தன.

உடனே மாலை மரியாதையா? முதல் ஒன்பது ஆய்வு நிதி விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. வேதிப் பொறியியல் துறைகள் வேலை தரவில்லை. கடைசியில் எம்.ஐ.டி.யில் இடம் கொடுத்தது ஊட்டச்சத்து, உணவு அறிவியல் துறை!

நானோ வந்தது ரொம்பப் பிறகு. ரத்தத்தில் செலுத்தும் துகள்களைக் கல்லீரல் சில நிமிடங்களிலேயே பிடித்துவிடுகிறது, என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. துகள்மேல் பாலிஎத்திலீன் கிளைகால் இழைகளைப் போர்வையாகப் போர்த்தி 1994-ல் விடை சொன்னார்கள். இடையில், மூளைக் கட்டியை அகற்றிய குழியில் வைக்கும், சோப்பு மாதிரி மேலிருந்து கரையும் மருந்து வில்லை 1996-ல் அனுமதி பெற்றது. 2010-ல் மாடர்னாவைத் தொடங்கியவர்களில் லேங்கரும் ஒருவர். (அதன் கொரோனா தடுப்பூசித் துகள் கொழுப்பால் ஆனது, பாலிமர் என்று எழுதி மார்க்கை விட்டுவிடாதீர்கள்.)

ஆய்வகத்திலிருந்து இத்தனை கம்பெனிகள் கிளம்புவது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. அது வேறு சண்டை. ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் கேள்வி முதலில் வந்தது, பொருள் பின்னால் வந்தது. எங்கள் துறையில் தலைப்புப் படிவத்தை நீட்டுகிறார்கள். அதில் 'என்ன கேள்வி?' என்று ஒரு கட்டம்கூட இல்லை. அடுத்த வருட ஜூனியர்களுக்காவது அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்துக் கொடுங்கள் சார்.