தள்ளுபடி ஆயிட்டா நற்சான்றிதழ் ஆயிடுமா?

ஏதாவது ஒரு டெண்டரைப் பற்றி நாம கேள்வி கேட்டா போதும். கமெண்ட்ல ஒரே பதில் வந்து விழும்: "அதான் கோர்ட்டே தள்ளுபடி பண்ணிடுச்சே, இன்னும் என்ன பேச்சு?" நம்ம ஆட்கள்ல பலரும் அதோட அமைதியாயிடறாங்க. அமைதியாக வேண்டிய அவசியமே இல்லை. டெண்டர் வழக்குல நீதிமன்றம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிஞ்சாலே இந்த வாதம் எவ்வளவு பலவீனம்னு புரிஞ்சிடும்.

1994-க்குப் போவோம். டெல்லி, பம்பாய், கல்கத்தா, நம்ம மெட்ராஸ். இந்த நாலு நகரங்களுக்கும் செல்போன் உரிமம் யாருக்கு என்பதில் எழுந்ததுதான் டாடா செல்லுலார் வழக்கு. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சார்பில் தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த எஸ்.மோகன். அவர் போட்ட கோடுதான் இன்றுவரை கோடு: அரசின் முடிவுக்கு நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றம் அல்ல. முடிவு நல்ல முடிவா என்று பார்க்காது. அந்த முடிவுக்கு வந்த வழி நேர்மையானதா என்றுதான் பார்க்கும்.

எளிமையா சொன்னா, நீதிமன்றம் விடைத்தாளைத் திரும்பத் திருத்தாது. கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போச்சா, ஒருத்தருக்கு மட்டும் பிட்டு கொடுத்தாங்களா என்று மட்டும்தான் பார்க்கும்.

2006-ல் ஜகதீஷ் மண்டல் வழக்கு இதை இரண்டு கேள்வியாச் சுருக்கிடுச்சு. ஒன்று, நடந்தது கெட்ட எண்ணத்தோடோ, ஒருத்தருக்குச் சாதகம் செய்யவோ, பொறுப்புள்ள யாரும் எடுக்க முடியாத அளவுக்குத் தன்னிச்சையாகவோ நடந்ததா? இரண்டு, பொதுநலன் பாதிக்கப்படுதா? பதில் 'இல்லை' என்றால் நீதிமன்றம் தலையிடாது.

அப்போ தள்ளுபடி என்றால் என்ன அர்த்தம்? "எங்க முன்னாடி வெச்ச ஆதாரத்தை வெச்சுப் பார்த்தா, நாங்க தலையிடற அளவுக்கு எதுவும் இல்லை." அவ்வளவுதான். விலை நியாயம்னோ, தரம் நல்லா இருக்குன்னோ, மக்கள் பணம் மிச்சமாச்சுன்னோ அதுக்கு அர்த்தம் கிடையாது.

இதுக்காக நீதிமன்றத்தைக் குறை சொல்றோமா? இல்லை. தோத்துப்போன ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் தடை வாங்கினா, பாதி தோண்டின ரோட்டுல அல்லாடப் போறது நம்ம மக்கள்தான். உள்கட்டமைப்புப் பணிகளைத் தாமதப்படுத்தும் தடை உத்தரவுகளுக்கு 2018-ல் சட்டமே கட்டுப்பாடு போட்டுச்சு. டெண்டர் வழக்குகள்ல உயர் நீதிமன்றங்களும் இதை மனசுல வெச்சுக்கணும்னு 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நியாயத்தை நாம ஏத்துக்கறோம். ஆனா ஒண்ணு நினைவிருக்கட்டும்: நீதிமன்றம் கடைசிக் கதவு, அதுவும் குறுகலான கதவு.

அந்தக் கதவு திறக்கவே திறக்காதா? திறக்கும். 2024-ல் கொல்கத்தா வழக்கைப் பாருங்க. இரண்டு சுரங்கப்பாதைகளைப் பராமரிக்க ஒருத்தருக்குக் கொடுத்த டெண்டரைப் பாதியில ரத்து பண்ணாங்க. கோப்புல இருந்த குறிப்புகளைப் பார்த்த உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் சொன்ன காரணத்தை ஏற்காம, ரத்து தன்னிச்சையானதுன்னு சொல்லி அதை நீக்கிடுச்சு. அங்கே பேசியது கோப்பு.

இன்னொரு பாடம் 1979-ல் இருக்கு. பம்பாய் விமான நிலையத்துல உணவகம் நடத்த டெண்டர். அறிவிப்புல கேட்ட தகுதி இல்லாதவருக்கே ஒப்பந்தம் போனது. தான் விதிச்ச நிபந்தனையைத் தானே மீற அரசு அமைப்புக்கு உரிமை இல்லைன்னு நீதிபதி பி.என்.பகவதி தீர்ப்பு எழுதினார். ஆனா வழக்குப் போட்டவருக்கு எதுவும் கிடைக்கலை. டெண்டரே போடாதவர், அதுவும் ஐந்து மாதத்துக்கு மேல் தாமதமா வந்தார் என்பதெல்லாம் காரணமாச்சு. சட்டம் ஜெயிச்சுது, மனு தோத்துச்சு. அந்தத் தள்ளுபடியை நற்சான்றிதழ்னு யாராவது சொல்ல முடியுமா?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை சட்டம், 1998. நல்ல சட்டம். ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம். யார்கிட்ட? அரசுக்கிட்டயே! டெண்டர் கொடுத்ததும் அரசு, குறை கேட்கறதும் அரசு. அதுவும் டெண்டர் போட்டவர்தான் போக முடியும். வரி கட்டற நீங்களும் நானும் போக முடியாது. மத்தியிலும் இதே கதைதான். 2012-ல் கொண்டுவந்த பொதுக் கொள்முதல் மசோதா, 2014-ல் மக்களவை கலைஞ்சதோட காலாவதியாச்சு.

அதனால நாம கேட்க வேண்டியது மூணு:

1. அரசுத் துறைகளுக்குக் கட்டுப்படாத, சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு.

2. யாரை, எந்தக் காரணத்துக்காக நிராகரிச்சாங்க என்பது முழுசா இணையத்துல வெளியாகணும்.

3. வெற்றியாளரை அறிவிச்சதுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகறதுக்கும் நடுவுல கட்டாய இடைவெளி. ஐரோப்பிய ஒன்றியத்துல பெரிய ஒப்பந்தங்களுக்குக் குறைஞ்சது 10 நாள் காத்திருக்கணும். எல்லாம் முடிஞ்ச பிறகு கோர்ட்டுக்கு ஓடறதைவிட இது மேல்.

தோழர்களே, உங்க பகுதி டெண்டர் அறிவிப்பைப் படிங்க. 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதுக்கு மேல 30 நாள் அவகாசம் தரணும்னு விதி இருக்கு. குறைச்சிருந்தா காரணத்தை எழுதி வெச்சிருக்கணும். அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. ஆதாரம் இல்லாம யாரையும் திருடன்னு எழுதாதீங்க. இடைக்காலத் தடை வந்த உடனே பட்டாசு வெடிக்காதீங்க, தள்ளுபடி ஆன உடனே தலை குனியவும் செய்யாதீங்க.

நாளைக்கு நாமளே ஆட்சிக்கு வந்தாலும் அளவுகோல் இதேதான். அப்போ நம்மகிட்டயும் இதே கேள்வியைக் கேளுங்க. கேட்கற உரிமை எந்தத் தள்ளுபடியிலும் தள்ளுபடி ஆகாது.

#டெண்டரில்_வெளிப்படை