ஆகாயப் படை உத்தியோகமும் நமது பெற்றோர்களும்

இந்திய ஆகாய விமானப் படைக்கு அதிகாரிகள் வேண்டுமென்று சர்க்கார் வருஷத்திற்கு இரண்டு தடவை விளம்பரம் செய்து விண்ணப்பம் கேட்டு வருகிறார்கள். நமது மக்களில் பெரும்பாலோர் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஏதோ பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கும், பரம்பரையாகப் பட்டாளத்தில் இருந்து வந்த குடும்பத்தாருக்கும் உரிய காரியம் என்று நினைத்து ஒதுங்கி விடுகிறார்கள்.

வெள்ளைக்கார சர்க்கார், இன்னின்ன ஜாதியார்தான் போருக்குத் தகுந்தவர்கள் என்று பிரித்துப் பட்டாளத்திற்கு ஆள் எடுத்தது உண்மை. 1932 அக்டோபர் 8-ந் தேதி இந்தப் படை ஏற்பட்டபோது, சீமையில் கிரான்வெல் என்னும் இடத்தில் பறக்கக் கற்ற இந்தியர் ஐந்தே பேர். ஆனால் இன்று கேட்கப்படும் யோக்கியதை வயது, படிப்பு, தேகநிலை ஆகியவைகளே. பாட்டன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதே சமயத்தில் இந்த உத்தியோகங்களுக்கு வகுப்புவாரி ஒதுக்கீடும் கிடையாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆகவே முன்கூட்டி விஷயம் தெரிந்து தயாராகிறவன் வீட்டுப் பிள்ளையே உள்ளே போகும். தெரியாதவன் வீட்டுப் பிள்ளை வெளியிலேயே நிற்கும்.

ஆகவே விஷயத்தைச் சொல்லுகிறோம். பன்னிரண்டாவது வகுப்பில் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் படித்தவர்கள் பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயதுக்குள் தேசிய பாதுகாப்பு அகாடமிப் பரீட்சை எழுதலாம். பட்டம் பெற்றவர்களுக்கு ஏ.எப்.கேட். என்னும் பரீட்சை உண்டு. விமானம் ஓட்டும் பிரிவுக்கு வயது 20 முதல் 24. தரைப் பணிப் பிரிவுக்கு 20 முதல் 26. ஓட்டும் பிரிவுக்குப் பட்டத்தில் நூற்றுக்கு 60-ம், பன்னிரண்டாவதில் கணிதம், பௌதிகம் ஒவ்வொன்றிலும் 50-ம் வேண்டும். பரீட்சையில் 100 கேள்விகளுக்கு 300 மார்க்கு. சரியான பதிலுக்கு மூன்று. தவறான பதிலுக்கு ஒன்று குறையும். அதில் தேறினவர்களை மைசூர், டேராடூன் முதலிய இடங்களுக்கு அழைத்து, சில நாள் வைத்துப் பேச்சையும் புத்தியையும் பத்துப் பேரோடு சேர்ந்து வேலை செய்யும் குணத்தையும் சோதிக்கிறார்கள். விமானம் ஓட்டும் திறமைக்குத் தனிச் சோதனை உண்டு. அதில் ஒரு தடவை தவறினால் ஆயுளில் மறுபடி இடமில்லை. பிறகு வைத்தியப் பரிசோதனை. அதன் பிறகு ஐதராபாத்துக்கு அருகில் துண்டிகலில் பயிற்சி.

இவ்வளவு சோதனைகள் இருந்தும், நமது பிள்ளைகளுக்குக் கதவு அடைபடுவது மைசூரிலோ டேராடூனிலோ அல்ல, அவரவர் வீட்டுத் திண்ணையிலேயே என்று சொல்லுவோம்.

எப்படியென்றால், பதினோராம் வகுப்பில் சேரும்போது, "கணக்கு கஷ்டம், உனக்கெதற்கு?" என்று சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவு கட்டி விடுகிறார்கள். அன்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதன் பலன் தெரியாது. ஐந்து வருஷம் கழித்துப் பட்டத்தோடு விளம்பரத்தைப் படிக்கும்போதுதான், ஆகாயத்தில் பறக்கும் உரிமையைத் திண்ணையில் பறி கொடுத்தது தெரிகிறது. ஏ.எப்.கேட். பரீட்சை இங்கிலீஷில் நடைபெறுகிறது. அகாடமிப் பரீட்சையின் கேள்விகள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழிலும் வேண்டுமென்று கேட்பது நமது உரிமை. கேட்டே தீர வேண்டும். ஆனால் அது கிடைக்கும் வரை பிள்ளையை இங்கிலீஷ் படிக்க வையாமல் இருப்பது அறிவுடைமை ஆகாது.

பெண்மக்கள் விஷயமோ இன்னும் மோசம். 2016 ஜூனில் மூன்று பெண்கள் போர் விமானம் ஓட்டும் அதிகாரிகளாகத் துண்டிகலில் நியமனம் பெற்றார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2021-ல் இட்ட உத்தரவின் பேரில் அகாடமியிலும் 2022 முதல் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். நாமோ பெண்ணுக்கு 21 வயது ஆவதற்குள் மாப்பிள்ளை தேடுகிறோம். பயிற்சி தொடங்கும்போது 25 வயதுக்கு உட்பட்டவர்கள் கல்யாணம் ஆகாதவர்களாய் இருக்க வேண்டும் என்பது ஏ.எப்.கேட். விதி. அவசரமாகக் கட்டப்படும் தாலி ஒரு பெண்ணின் உத்தியோகத்தையே கட்டிப் போட்டு விடுகிறது என்பதைப் பெற்றோர்கள் உணர வேண்டும்.

சர்க்காரையும் ஒன்று கேட்கிறோம். இந்த விதி, 25 வயதுக்கு உட்பட்ட விதவைகளையும் விவாகரத்து ஆனவர்களையும், குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேர்த்தே தள்ளி வைக்கிறது. குடும்பப் பொறுப்பு பயிற்சிக்கு இடைஞ்சல் என்பது காரணமானால், குழந்தையும் இல்லாமல் புருஷனையும் இழந்த 22 வயதுப் பெண்ணுக்கு என்ன இடைஞ்சல்? சொந்தக் காலில் நிற்க வேண்டிய அவசியம் அவளைவிட யாருக்கு அதிகம்? வீட்டில் விதவையை மூலையில் உட்கார வைக்கிறவனை நாம் கண்டிக்கிறோம். சர்க்கார் விதியும் அதே மூலையைக் காட்டினால் அதையும் கண்டிக்கத்தான் வேண்டும். விதி மனிதர் எழுதியது, மனிதரே மாற்றலாம்.

விண்ணப்பத்தைச் சர்க்காரின் இணையதளத்திலேயே போடலாம். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவன் மோசக்காரன். சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். நல்ல நாள் பார்த்துக் கடைசித் தேதி வரை காத்திராதீர்கள். விமானம் கிளம்பலாமா என்பதைக் காற்றையும் மேகத்தையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்களே ஒழிய, பஞ்சாங்கத்தைப் பார்த்து அல்ல.

இதைப் படிக்கும் தோழர்கள் தங்கள் ஊரில் பத்தாவது படிக்கும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இவ்விஷயத்தை இந்த வாரமே எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம். பதினோராம் வகுப்பில் சேர்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை.